முனியை முழுங்குன காஞ்சனா

"ரெண்டாம் பாகம்னாலே மொக்கைதாம்ல. விதி."

போன வாரம் ஹாஸ்டல் மெஸ்ல சப்பாத்தியோட மல்லுக்கட்டிட்டு இருந்தப்போ என் ரூம்மேட் சொன்ன தீர்ப்பு இது. அப்பதான் லேப்டாப்ல 'சந்திரமுகி 2' பார்த்துட்டு வந்திருந்தான். அந்தப் படத்தைப் பார்த்துட்டு வந்தவன் வாயில அதைவிட நல்ல வார்த்தையை எதிர்பார்க்க முடியாதுதான். ஆனா அவனோட நிறுத்தலையே. சுத்தி உக்காந்திருந்த நாலு பேரும் ஆமாஞ்சாமி போட்டாங்க. பேய்ப்படம், பூதப்படம், ரோபோ படம் எதுவா இருந்தாலும் முதல் பாகம்தான் தெய்வமாம், அடுத்தது எல்லாம் கல்லா கட்டுற வேலையாம்.

நான் ஒரே ஒரு வார்த்தை சொன்னேன். "காஞ்சனா."

மேஜை ஒரு நொடி அமைதி. அப்புறம் ஆரம்பிச்ச சண்டை ராத்திரி பன்னிரண்டரைக்கு வார்டன் வந்து விரட்டுற வரைக்கும் போச்சு. பேசி முடிக்க விடாததால மிச்சத்தை இங்க கொட்டுறேன். கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க மக்களே.

முதல்ல, "பேய்ப்படம் எல்லாம் மான்ஸ்டர் படமா?"னு கேக்குற அறிவாளிகளுக்கு. கிங் காங், காட்ஜில்லா மாதிரி ஆள் உயர பாதமெல்லாம் நம்ம ஊர்ல எடுபடாது. திருநெல்வேலிக்காரனை ராத்திரி ஒத்தையில நடக்கவிடாம பண்ணுறது பல்லியோ குரங்கோ இல்ல, புளியமரத்தடியில நிக்கிற பொம்பள. நம்ம மான்ஸ்டர் பேய்தான். அநியாயமா செத்த மனுஷன்.

இப்ப வழக்குக்கு வரேன். ராகவா லாரன்ஸ் 2007ல 'முனி' எடுத்தார். ஆறு மணிக்கு மேல வீட்டை விட்டு வெளிய வர பயப்படுற ஒரு பையன், அவன் உடம்புக்குள்ள ராஜ்கிரண் பேய். நம்பின அரசியல்வாதியே கொன்னுட்டு பழியையும் தூக்கி மேல போட்ட ஒரு கட்சித் தொண்டனோட ஆவி அது. நல்ல படம்தான், இல்லேங்கல. ராஜ்கிரண் முறைச்சாலே பாதி வேலை முடிஞ்சிரும். ஆனா அந்தப் பேய்க்குப் பதிலா ஒரு சாதாரண அண்ணனையோ தம்பியையோ பழிவாங்க அனுப்பியிருந்தாலும் கதை அப்படியே ஓடியிருக்கும். எண்பதுகள்ல வந்த முக்கால்வாசி படம் அந்தக் கதைதானே?

2011ல 'முனி 2: காஞ்சனா'. அதே பயந்தாங்கொள்ளி, அதே கோவை சரளா அம்மா, அதே இடுப்புல ஏறி உக்காருற காமெடி. முதல் ஒரு மணி நேரம் பார்த்தா என் ரூம்மேட் சொன்னது சரின்னே தோணும். அப்புறம் அவன் மஞ்சள் பூசுறான், வளையல் போடுறான், புடவை கட்டுறான். தியேட்டரே விழுந்து விழுந்து சிரிக்குது. எனக்கு அப்ப எட்டு வயசு, சித்தப்பா கூட்டிட்டுப் போனார், நானும் சிரிச்சேன். பக்கத்து சீட்டுல ஒருத்தர் சிரிச்ச சிரிப்புல கையில இருந்த பாப்கார்ன் என் மேல கொட்டுச்சு, நல்லா ஞாபகம் இருக்கு.

அதுக்கப்புறம் ஃப்ளாஷ்பேக். புடவையில வந்து நிக்கிறது சரத்குமார். 'நாட்டாமை'யில சொம்பும் ஜமுக்காளமுமா உக்காந்து தீர்ப்பு சொன்ன அதே சரத்குமார், பெத்தவங்களே வீட்டை விட்டுத் துரத்தின திருநங்கையா வர்றார். ஒரு பாய் வீட்டுல அடைக்கலம். தன்னை மாதிரியே துரத்தப்பட்ட ஒரு பொண்ணை எடுத்து வளர்த்து டாக்டருக்குப் படிக்க வைக்கிறா. ஏழைங்களுக்கு ஆஸ்பத்திரி கட்டணும்னு வாங்கிப் போட்ட நிலத்தை எம்.எல்.ஏ. புடுங்குறான். காஞ்சனாவையும் அந்த பாயையும் அவர் பையனையும் கொன்னு அதே மண்ணுல புதைக்கிறாங்க. பத்து நிமிஷம் முன்னாடி வரைக்கும் வயிறு குலுங்கச் சிரிச்ச தியேட்டர்ல சத்தமே இல்ல. சித்தப்பா கண்ணைத் தொடைச்சார். அவர் அழுது நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

இதான் என் கட்சி. 'முனி'யில வில்லன் ஒருத்தன்தான், அரசியல்வாதி. 'காஞ்சனா'வுல ரெண்டு வில்லன். ஒண்ணு எம்.எல்.ஏ. இன்னொண்ணு, இடைவேளைக்கு முன்னாடி ஆம்பள புடவை கட்டுனதைப் பார்த்துச் சிரிச்ச நாம. முதல் பாகம் நம்மளைப் பயமுறுத்துச்சு, ரெண்டாம் பாகம் நம்மளையே மாட்டி விட்டுச்சு. பேயை ரெண்டு மடங்கு பெருசாக்கி இருந்தா இது நடந்திருக்காது. பேயோட துக்கத்தைப் புதுசா எழுதினதாலதான் நடந்துச்சு.

தமிழ்நாட்டுல திருநங்கைகள் நல வாரியம் வந்தது 2008ல, அதாவது 'முனி'க்கும் 'காஞ்சனா'வுக்கும் நடுவுல. மூணாம் பாலினத்தை அங்கீகரிச்சு உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது 2014ல. சட்டமும் சர்க்காரும் மெல்ல நகர்ந்துட்டு இருந்த காலத்துல, அரட்டைக் காமெடிக்குன்னு டிக்கெட் வாங்கிட்டு உள்ள போன கூட்டத்தை ஒரு பேய்ப்படம் அழ வச்சு அனுப்புச்சு. 'முனி'யால இதுல கால்வாசியாவது முடிஞ்சதா?

இன்னொரு சாட்சி, பேரு. மூணாவது படத்துக்கு (2015) 'முனி 3'ன்னு பேர் வச்சா யாருக்குத் தெரியும்? 'காஞ்சனா 2'ன்னு வச்சாங்க. 2019ல 'காஞ்சனா 3'. அந்த ரெண்டு படத்துலயும் காஞ்சனாங்கிற ஆளே பேயா வரல, ஆனாலும் பேரு மட்டும் விடல. பிள்ளை பேரு அப்பன் பேரை முழுங்கியாச்சு. இந்தியில 2020ல லாரன்ஸே திரும்ப எடுத்ததும் 'காஞ்சனா'வைத்தான், 'லக்ஷ்மி'ங்கிற பேர்ல. 'முனி'யை எடுக்கல.

வெள்ளைக்காரன் ஊர்லயும் இதே பஞ்சாயத்து தொண்ணூறு வருஷமா ஓடுது. ஜேம்ஸ் வேல் 1931ல 'ஃபிராங்கன்ஸ்டைன்' எடுத்தார், 1935ல 'பிரைடு ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்'. முதல் படத்துல போரிஸ் கார்லாஃப் உறுமுவார், அவ்வளவுதான். ரெண்டாவதுல அந்தப் பிண்டம் பேசக் கத்துக்குது. கண்ணு தெரியாத ஒரு கிழவர் வயலின் வாசிக்கிறதைக் கேட்டு அவர் குடிசைக்குள்ள போகுது. முகம் தெரியாததால அவருக்கு பயமும் இல்ல. சாப்பாடு போட்டு, நண்பன்ங்கிற வார்த்தையைச் சொல்லிக் குடுக்குறார். கடைசியில அதுக்குன்னே உருவாக்கின பொண்ணும் அதைப் பார்த்து அலறுறா. ரெண்டாவதுதான் பெட்டர்னு சொல்ற ரசிகர் கூட்டம் உலகம் பூரா இருக்கு. நானும் அந்தப் பக்கம்தான். அங்கயும் அதே கணக்கு பாருங்க. அசுரனைப் பெருசாக்கல, அதுக்கு வாய் குடுத்தாங்க.

இப்ப எதிர்க்கட்சி வக்கீல் எழுந்திருச்சு '2.0'வைத் தூக்கிக் காட்டுவார். தெரியும்.

ஒத்துக்கறேன். 2010ல வந்த 'எந்திரன்' பக்கத்துல 2018ல வந்த '2.0' நிக்க முடியாது. ஆனா ஏன்னு யோசிங்க. ஃபிராங்கன்ஸ்டைன்காரங்க ரெண்டு படமா பிரிச்சு வச்சதை ஷங்கர் 'எந்திரன்' ஒண்ணுலயே சொல்லிட்டார். படைச்சவன், படைப்பு, படைப்புக்கு வர்ற ஆசை, ஒரு பொண்ணு வேணும்னு பிடிக்கிற அடம், எல்லாம் சனாவோட முடிஞ்சிருச்சு. சிட்டிகிட்ட புதுசா சொல்ல துக்கமே மிச்சம் இல்ல. அதனால துக்கத்தை வெளிய இருந்து கொண்டு வந்தாங்க, பக்ஷிராஜன். குருவிங்க சாகுதேன்னு ஊர் ஊரா கெஞ்சி, ஒருத்தனும் காது குடுக்காம, செல்போன் டவர்லயே தூக்குல தொங்குற கிழவர். (செல்போன் கதிராலதான் குருவி சாகுதுங்கிறதுக்கு ஆதாரம் பத்தாது, அது வேற சண்டை. கம்பெனிக்காரங்க சங்கம் தணிக்கை வாரியத்துக்கே புகார் எழுதுச்சு.) படத்துலயே உருப்படியான பகுதி அவரோட ஃப்ளாஷ்பேக்தான்.

அந்தக் கிழவரை வச்சு என்ன பண்ணாங்க? லட்சக்கணக்கான செல்போனைச் சேர்த்து ஒரு ராட்சசப் பறவை. ஸ்டேடியத்துல சண்டை. உச்சக்கட்டமா குட்டி ரோபோக்கள் புறா மேல ஏறி வந்து, அடங்கலைன்னா இந்தப் புறாக்களையும் சேர்த்து அழிச்சிருவோம்னு மிரட்டுது. பறவைக்காக உயிரை விட்டவரை, பறவையைப் பணயம் வச்சு நம்ம ஹீரோ ஜெயிக்கிறார்! நாம விசில் அடிக்கணுமாம். எங்க பக்கம் நாங்குநேரி தாலுகாவுல கூந்தன்குளம்னு ஒரு ஊர் இருக்கு. நாரையும் கூழைக்கடாவும் வீட்டு வாசல் மரத்துலயே கூடு கட்டும். குஞ்சு பயந்துரும்னு தீபாவளிக்குக்கூட வெடி போட மாட்டாங்க அந்த ஊர் ஜனங்க. அவங்களைக் கூட்டிட்டு வந்து அந்த கிளைமாக்ஸைப் போட்டுக் காட்டி யாரு ஹீரோன்னு கேட்டுப் பாருங்க.

'சந்திரமுகி 2' (2023) கதை வேற. 2005ல வந்த முதல் படத்துல பேயே கிடையாது. ஜோதிகாவோட மனசுதான் பேய். அது பேயா நோயான்னு நம்மளைத் தொங்க விட்டதுதான் அந்தப் படத்தோட மொத்த உயிரும். ரெண்டாவதுல நிஜப் பேயையே இறக்கி விட்டுட்டாங்க. சந்தேகம் போச்சு, பயமும் சேர்ந்து போச்சு. 'அரண்மனை' வரிசையைப் பத்திக் கேக்காதீங்க, எது எத்தனாவதுன்னே எனக்கு மறந்து போச்சு.

"ஏல, ரெண்டு தமிழ்ப் படத்தை வச்சு விதி பேசாத"ன்னு ஒருத்தன் கேட்டான். சரி, சினிமாவை விடு. என் ஊர் கொற்கை. ஒரு காலத்துல பாண்டியனோட துறைமுகம், முத்து வித்த ஊர். இப்ப கடல் ஆறேழு கிலோமீட்டர் தள்ளிப் போயி, வாழையும் நெல்லுமா கிடக்கு. மதுரையைக் கண்ணகி எரிச்சது எல்லாருக்கும் தெரியும். ரெண்டாம் பாகம் நடந்தது எங்க ஊர்லன்னு எத்தனை பேருக்குத் தெரியும்? சிலப்பதிகாரத்துக்கு முன்னாடி வர்ற உரைபெறு கட்டுரையில இருக்கு. பாண்டிய நாட்டுல மழை இல்ல, நோய். கொற்கையில இருந்த வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலி குடுத்து கண்ணகியைச் சாந்தப்படுத்துறான். சிலம்பு திருடுனவன் ஒருத்தன், தலை போனது ஆயிரம் பேருக்கு. '2.0' மாதிரியேதான், எண்ணிக்கையை ஏத்தி விட்ட ரெண்டாம் பாகம். அதனாலதான் மதுரை எரிஞ்சது ஊர் உலகத்துக்குத் தெரியுது, கொற்கையில நடந்தது எங்க ஊர் பயலுவளுக்கே தெரியல.

நல்ல ரெண்டாம் பாகமும் எங்ககிட்ட இருக்கு. கொடைக்கு வில்லுப்பாட்டு கேட்டவங்களுக்கு இசக்கி கதை தெரியும். முதல் பிறவியில அவ ஒரு சாதாரணப் பொண்ணு. நம்பிப் பின்னால வந்தவளை, மடியில தலை வச்சுத் தூங்கும்போது நகைக்காகக் கல்லால அடிச்சுக் கொன்னுடுறான். சாட்சி ஒரு கள்ளிச் செடி. அடுத்த பிறவியில அவன் செட்டியாரா வர்றான், இவ நீலியா வர்றா. அந்தக் கள்ளிக் கொப்பையே பிள்ளையாக்கி இடுப்புல வச்சுட்டு, ஊர்ப் பஞ்சாயத்துல போயி "இவன் என் புருஷன்"ங்கிறா. நியாயம் பேசுற பெரிய மனுஷங்க அவளை நம்பி ரெண்டு பேரையும் ஒரே அறைக்குள்ள அடைக்கிறாங்க. எங்க ஊர் கொடையில முதல் பாதிக்கு சனம் பாதி தூங்கிட்டுத்தான் கிடக்கும். நீலி வர்றான்னு குடம் அடிக்க ஆரம்பிச்சா ஆச்சிமாரெல்லாம் எழுந்து, கொண்டையை முடிஞ்சு, நிமிர்ந்து உக்காருவாங்க. முதல் பிறவியில செத்தவளுக்கு யாரும் கோயில் கட்டல. கோயில் ரெண்டாவது பிறவிக்குத்தான்.

இதுவரைக்கும் ஜெயிச்சாச்சு. ஆனா ஒண்ணை மறைச்சா அது கள்ள ஆட்டம்.

படம் வந்ததுக்கு அப்புறம் எங்க ஸ்கூல்ல 'காஞ்சனா'ங்கிறது ஒரு பட்டப்பேர் ஆயிடுச்சு. எங்க கிளாஸ்ல மெல்லமா பேசுற, கையை ஒரு மாதிரி ஆட்டி நடக்குற பையன் ஒருத்தன் இருந்தான். கணக்குல புலி. பேர் வச்சது நான் இல்ல, ஆனா கூப்பிட்டவன்ல நானும் ஒருத்தன். பஸ் ஸ்டாண்டுல, கிரவுண்டுல, பிரேயர்ல கூட. பத்தாவதுக்கு அப்புறம் அவன் வரல. திருப்பூர்ல இருக்கான்னு ஒருத்தன் சொல்றான், சென்னைங்கிறான் இன்னொருத்தன். மெஸ்ல இதைத்தான் என் ரூம்மேட் கடைசியா எடுத்து வீசினான், "உன் படம் ஜனத்தைத் திருத்திச்சுன்னா அவன் ஏம்ல ஸ்கூலை விட்டுப் போனான்?" வார்டன் வந்தது நல்லதாப் போச்சு. என்கிட்ட உடனே பதில் இல்ல.

ரெண்டு நாளா யோசிச்சு வச்சிருக்கேன். அந்தப் படம் ரெண்டு துண்டா இருக்கு, நாங்க முதல் துண்டை மட்டும் வீட்டுக்கு எடுத்துட்டுப் போனோம். புடவையை எடுத்துக்கிட்டோம், மண்ணுக்குள்ள புதைச்சதை தியேட்டர்லயே விட்டுட்டு வந்துட்டோம். லாரன்ஸ் மேலயும் தப்பு இருக்கு. அந்த முதல் மணி நேரச் சிரிப்பை அவ்வளவு ருசியா சமைச்சிருக்க வேண்டாம். அடுத்த ரெண்டு பாகத்துல துக்கம் வத்திப் போயி அந்தச் சிரிப்பு மட்டும்தான் மிச்சம் இருந்துச்சு. அதனாலதான் அதுங்க 'காஞ்சனா' பக்கத்துல வர முடியல, எவ்வளவு வசூல் பண்ணியிருந்தாலும். ஆனாலும் இப்படி ஒரு கேள்வியை 'முனி'யைப் பார்த்து யாராவது கேக்க முடியுமா? ராஜ்கிரண் பேரைச் சொல்லி நான் யாரையும் கிண்டல் பண்ணல, யார்கிட்டயும் மன்னிப்பு கேக்க வேண்டியதும் இல்ல.

ரூம்மேட் இன்னும் ஒத்துக்கல. சனிக்கிழமை ராத்திரி எங்க ரூம்ல ரெண்டு படமும் அடுத்தடுத்து ஓடும், முதல்ல 'முனி'. அவன் எதுல தூங்குறான்னு பார்க்கணும். முறுக்கு என் செலவு.