வெள்ளி நிறம் என்று ஒன்று இல்லை

விமான மாதிரிகள் செய்வதைப் பற்றி இப்பக்கத்தில் நான் இதுவரை எழுதியதில்லை. ஆய்வேட்டை இன்னும் முடிக்காதவருக்கு இதற்கெல்லாம் நேரம் எப்படி வாய்க்கிறது என்று நெறியாளர் கேட்டுவிடுவாரோ என்ற அச்சமே காரணம். சென்ற வாரம் விடுதி அறைக்கு வந்த முதலாண்டு ஆய்வு மாணவர் ஒருவர், மேசையிலிருந்த மஸ்டாங் மாதிரியைப் பார்த்துவிட்டு, “வெள்ளிப் பெயிண்ட்டை ஒரு தடவை அடித்தால் முடிந்துவிடுமே, இதற்கு ஏன் மூன்று வாரம்?” என்று கேட்டார். அன்று நான் சொன்ன விடை அரைகுறையானது. சான்றுகளை நாம் கையாளும் முறையையும் அக்கேள்வி தொடுவதால், முழு விடையை இங்கே எழுதுகிறேன்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவ விமானங்கள் நெடுங்காலம் ஆலிவ் பச்சையும் சாம்பலும் பூசப்பட்டே ஆலையிலிருந்து வெளிவந்தன. 1943ஆம் ஆண்டின் இறுதியையொட்டி அவ்வழக்கம் பெரும்பாலும் கைவிடப்பட்டது. எடை குறைந்தது, உற்பத்தி நேரமும் செலவும் மிச்சமாயின. 1944இல் ஐரோப்பிய வானில் பறந்த பி-51டி மஸ்டாங் விமானங்கள் பலவும் வெற்று உலோகமாகத் தோன்றுவது இதனால்தான்.

ஆனால் அந்த உலோகம் ஒரே நிறமுடையதன்று. விமானத் தகடு பெரும்பாலும் அலுமினியத்தோடு செம்பு சேர்ந்த கலப்புலோகம். வலிமை மிக்கதாயினும் எளிதில் அரிபடும் என்பதால் அதன் இருபுறமும் தூய அலுமினியத்தின் மெல்லிய படலத்தைப் பதிப்பார்கள். ஆல்கிளாட் என்பது அதன் பெயர். உருளைகளுக்கிடையே தகடு உருட்டப்பட்ட திசைக்கேற்ப ஒளி திரும்பும் விதமும் மாறும். எனவே அடுத்தடுத்த இரு தகடுகள் ஒரே பொருளாயினும் ஒன்று வெளிறியும் மற்றொன்று இருண்டும் தெரியும். மஸ்டாங்கின் சுக்கான் துணி போர்த்தியது. அதில் வெள்ளி வண்ணம்தான் பூச முடியும். விமானியின் கண் கூசாதிருக்க மூக்கின் மேற்புறத்தில் மங்கலான பச்சை பூசப்பட்டது.

இத்தனை வேறுபாட்டையும் உள்ளங்கையளவு பிளாஸ்டிக்கில் கொண்டுவருவதற்குத்தான் மூன்று வாரம். முதலில் 2000 எண் உப்புத்தாளாலும் அதனினும் நுண்ணிய தாள்களாலும் நீர்விட்டுத் தேய்க்க வேண்டும். பிறகு பளபளப்பான கறுப்பை அடிப்பூச்சாக அடித்து, நன்கு உலரவிட்டு, அதன்மேல் உலோக லேக்கரை ஏர்பிரஷ்ஷால் குறைந்த அழுத்தத்தில் மெல்லிய படலங்களாகப் படரவிட வேண்டும். அதன் பின் ஒவ்வொரு தகடாக மாஸ்கிங் டேப்பால் மறைத்துச் சாயலை மாற்ற வேண்டும். மெல்லிய அலுமினியத் தாளையே வெட்டி ஒட்டுபவர்களும் உண்டு. எம்முறையாயினும் அடியிலிருக்கும் மயிரிழைக் கீறலை உலோகத் தோற்றம் மறைக்காது, காட்டிக்கொடுக்கும்.

இத்தனை பொறுமையையும் செலவிட்டு ஆறு ஆண்டுகளுக்கு முன் நான் செய்த முதல் மஸ்டாங் பிழையானது. இறக்கை முழுவதையும் ரிவெட் வரிசைகளோடு கண்ணாடிபோல் மின்னச் செய்தேன். துறைக் கண்காட்சியில் பலரும் பாராட்டினார்கள். பின்னர்தான் போர்க்காலப் புகைப்படங்களை நிதானமாகப் பார்த்தேன். அவற்றில் இறக்கையின் மேற்பரப்பு ஒரே சீராக, மங்கலாக இருந்தது. மஸ்டாங்கின் இறக்கை, காற்று அதன் முன்பகுதியில் கலங்காமல் படிந்து ஓடுமாறு வடிவமைக்கப்பட்டது. ரிவெட் தலைகளும் தகட்டு இணைப்புகளும் அவ்வோட்டத்தைக் கெடுக்கும். ஆகவே ஆலையிலேயே அவற்றுக்குப் பட்டி பார்த்து, தேய்த்து, பிரைமர் அடித்து, வெள்ளி வண்ணம் பூசினார்கள். உடற்பகுதி உலோகம், இறக்கை பெயிண்ட். நானோ இரண்டையும் ஒன்றாக்கியிருந்தேன்.

நான் ஏமாந்தது எதை நம்பி? இன்றைய வான்காட்சியில் எடுக்கப்பட்ட, மறுசீரமைக்கப்பட்ட விமானமொன்றின் வண்ணப்படத்தை நம்பி. அத்தகைய விமானங்கள் பலவற்றில் உரிமையாளர்கள் பழைய பூச்சை நீக்கி உலோகத்தை மெருகேற்றியிருக்கிறார்கள். அது அவர்களது உரிமை. ஆனால் 1944க்கு அது முதன்மைச் சான்றாகாது. இன்றைய இரசனைக்கே சான்றாகும். அதைப் பார்த்து ஒருவர் மாதிரி செய்ய, அம்மாதிரியைப் பார்த்து மற்றொருவர் செய்ய, பிழை வழக்காறாகிவிடுகிறது. மேற்கோளின் மேற்கோளை மூலம் பாராமல் எடுத்தாளும் ஆய்வேட்டிலும் இதுவே நடக்கிறது.

கறுப்பு வெள்ளைப் படத்தில் வெள்ளி வண்ணத்தையும் வெற்று உலோகத்தையும் எப்படிப் பிரித்தறிவது என்று கேட்கலாம். பூசிய பரப்பு ஒளியைச் சிதறடித்து ஒரே சாயலாகக் காட்டும். உலோகமோ அருகிலுள்ள பொருளின் நிழலுருவைத் தாங்கி நிற்கும். எல்லா ஐயங்களும் இவ்வாறு தீர்ந்துவிடா. அதனால்தான் பொதுவான “ஒரு மஸ்டாங்”கைச் செய்யாமல், குறிப்பிட்ட ஒரு விமானத்தை, குறிப்பிட்ட ஒரு படத்தில் உள்ளபடி செய்வது நல்லது.

பொழுதுபோக்கில் இவ்வளவு கண்டிப்பு எதற்கு என்பாரும் உளர். மின்னும் மஸ்டாங்கை எவரும் செய்யலாம், அழகாகவே இருக்கும். அதன் கீழே எழுதும் ஆண்டு மட்டும் மெய்யாக இருக்க வேண்டும் என்பதே என் கோரிக்கை. என் பழைய மாதிரியை நான் தூக்கியெறியவில்லை. “மறுசீரமைப்புக்குப் பின், இன்றைய தோற்றம்” என்று ஓர் அட்டை எழுதி வைத்திருக்கிறேன். அதனருகே மங்கிய இறக்கையோடு புதியது நிற்கிறது. அறைக்கு வருபவர்கள் இன்னமும் பழையதைத்தான் முதலில் கையிலெடுக்கிறார்கள். எடுக்கட்டும், அட்டையையும் படித்துவிட்டு வைத்தால் போதும்.