கம்பைலர் பேசாத இடம்

"சேர், ஒரே புரோகிராம்தான். நேற்று ஒண்டும் சொல்லல்ல, இண்டைக்கு எச்சரிக்கை வருது. கம்பைலர் பிழையா?" கல்லடியில் என்னிடம் சி மொழி படிக்க வரும் பிள்ளைகள் அடிக்கடி கேட்பது இது. குறை உண்டுதான். அது எப்படிப்பட்ட குறை என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு கடைப் பில் எழுதுகிறோம். ‘கழிவு’ என்றொரு மாறி. தொடக்கப் பெறுமானம் இல்லை. ஆயிரம் ரூபாவுக்கு மேல் வாங்கினால் அதில் 5 இடுகிறோம். குறைவாக வாங்கினால்? எழுதவில்லை. மேம்படுத்தல் இல்லாமல் தொகுத்தால், எச்சரிக்கைகளைக் கேட்டிருந்தாலும் ஜிசிசி கம்பைலர் பேசாது. ‘ஏதோவொரு வழியில் மாறி வெறுமையாக இருக்கலாம்’ என்ற ஆய்வு மேம்படுத்தும்போதுதான் நடக்கிறது.

அப்படியானால் ஓ2 என்ற மேம்படுத்தல் தெரிவை இட்டால் போதுமா? அந்த 5 கோப்பிலிருந்து வாசித்த எண்ணாக இருந்தால் எச்சரிக்கை வரும். நேரே 5 என்று எழுதியிருந்தால் வராது. வெறுமையான மாறிக்கு எந்தப் பெறுமானமும் பொருந்தும் என்று கொண்டு, கம்பைலர் இரு வழிக்கும் 5 என்றே முடிவுகட்டுகிறது. எச்சரிக்க வேண்டிய மாறியே மறைந்துபோகிறது. நூறு ரூபாவுக்குச் சீனி வாங்கியவருக்கும் கழிவு! ஜிசிசியின் வழுப் பட்டியலில் 18501 ஆம் இலக்கத்தில் 2004 இல் ஏறிய இந்த முறைப்பாடு பல ஆண்டுகள் தீராமல் கிடந்தது. கிளாங் என்ற இன்னொரு கம்பைலர் மேம்படுத்தலுக்கு முன்பே மூல நிரலை ஆராய்வதால், எச்சரிக்கைகளைக் கேட்டிருந்தால் இதே வரிகளைக் கண்டதும் சொல்லிவிடும்.

மறுபக்கமும் உண்டு. சரியான நிரலிலும் வீண் எச்சரிக்கைகள் குவிந்ததால், லினக்ஸ் கருவில் ஜிசிசியின் ‘இருக்கலாம்’ வகை எச்சரிக்கையை 2020 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் நிறுத்தினார்.

பிள்ளைகள் கண்ட பரிகாரம், எல்லா மாறிக்கும் பூச்சியம் இடுவது. எனக்கு அதில் உடன்பாடில்லை. கழிவுக்குப் பூச்சியம் சரி. இறாலின் விலைக்குப் பூச்சியம் இட்டுவிட்டு, ஒரு வகைக்கு விலை எழுத மறந்தால், பில் பூச்சிய ரூபா என்று வரும். எந்தக் கம்பைலரும் வாய் திறக்காது. விடுபட்ட வழியைத் தேடி எழுதுங்கள் மக்கள்.

ஜிசிசி, கிளாங் இரண்டிலும் தொகுத்துப் பாருங்கள். பிறகு மேம்படுத்தல் இல்லாமல் தொகுத்ததை, ஓடும் புரோகிராமைச் சோதிக்கும் வல்கிரைண்ட் கருவியில் ஓட்டுங்கள். ஆயிரத்துக்குக் குறைந்த பில் ஒன்றையும் கட்டாயம் கொடுங்கள். ஓடாத வழியை வல்கிரைண்ட் பார்ப்பதில்லை.