மாத்திரைக்கு விரதம் தெரியாது

எங்கள் வரிச்சிக்குடியிலிருந்து சனிக்கிழமைதோறும் திருநள்ளாறு செல்லும் அன்பர்களில் அறுபதைக் கடந்தவர்கள் பலர். விடியற்காலையில் எழுந்து, வழக்கமான சர்க்கரை மாத்திரையைத் தண்ணீருடன் விழுங்கிவிட்டு, வெறும் வயிற்றோடு பேருந்து ஏறுகின்றனர். நளதீர்த்தத்தில் நீராடி, நெடிய வரிசையில் நின்று, சனீஸ்வர பகவானைத் தரிசித்து முடிக்கையில் நண்பகலாகிவிடுகிறது. விரதம் அவர்களுடையது, வயிற்றுக்குள் சென்ற மாத்திரைக்கோ அது தெரியாது.

எல்லாவற்றையும் சர்க்கரை மாத்திரை என்றே சொல்கிறோம். அவை ஆற்றும் பணியோ வெவ்வேறு. மெட்பார்மின், கல்லீரல் இரத்தத்தில் விடுகின்ற சர்க்கரையைக் குறைக்கிறது. அதனை மட்டும் உட்கொள்வோருக்குச் சர்க்கரை அபாய அளவுக்குத் தாழ்வது அரிது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு, கிளிக்ளசைடு ஆகியவை வேறு இனம். இவை கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்பவை. நாம் உண்டோமா இல்லையா என்று பார்ப்பதில்லை. கடன் தவணைக்கு வங்கியில் நிலையாணை கொடுத்து வைத்தால், அம்மாத ஓய்வூதியம் வந்ததோ இல்லையோ, உள்ள இருப்பிலிருந்து குறித்த தேதியில் கழித்துக்கொள்வார்கள் அல்லவா? அதைப் போன்றதே இது.

இவ்வினத்தின் குணம் வெளிப்பட்டதே ஒரு துயரத்தில்தான். 1942-ஆம் ஆண்டு, உலகப் போரின் நடுவே, பிரான்சு நாட்டின் மோன்பெலியே நகரில் ழான்போன் என்னும் மருத்துவர், டைபாய்டு நோயாளிகளுக்குப் புதிய சல்பா மருந்தொன்றைக் கொடுத்தார். சிலருக்கு வலிப்பும் மயக்கமும் கண்டன; சிலர் இறந்தனர். போர்க்காலத் தட்டுப்பாட்டில் போதிய உணவின்றி மெலிந்திருந்த உடல்கள் அவை. அவர்களது இரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்திருந்தது. அதே நகரின் லூபாத்தியேர் நாய்களிடம் சோதித்து, கணையம் இருந்தால்தான் இம்மருந்து சர்க்கரையைக் குறைக்கும், அதனை அகற்றிவிட்டால் குறைக்காது என்று நிறுவினார். அந்நாளில் நம் காரைக்காலும் பிரெஞ்சு ஆட்சியின் கீழ்தான் இருந்தது. அந்த ஆய்விலிருந்து வளர்ந்த மருந்தினத்தைத்தான் இன்று நாம் விழுங்குகிறோம்.

இன்னொன்றும் உண்டு. பலருடைய மாத்திரையில் கிளிமிபிரைடும் மெட்பார்மினும் ஒன்றாகவே கலந்திருக்கின்றன. ஒரே மாத்திரைதானே என்று எண்ண வேண்டா. அட்டையின் பின்புறமுள்ள சிற்றெழுத்தைப் பேரப்பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். கடன் பத்திரத்தின் சிற்றெழுத்தைப் படியாமல் கையொப்பமிட்டவர்களை என் பணிக்காலம் முழுவதும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன். டபாகிளிப்ளோசின் போன்றவை சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுபவை. தண்ணீரும் அருந்தாத விரதத்தில் இவற்றால் உடல் வறளும், இரத்தத்தில் அமிலம் சேரும் அபாயமும் உண்டு.

விரதத்தை விட்டுவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? விரத நாளுக்குச் சில நாள் முன்னரே மருத்துவரைக் கண்டு, அன்றைக்கு அளவைக் குறைப்பதா, வேளையை மாற்றுவதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தாமாகவே மாத்திரையை நிறுத்துவதும், இன்சுலினை அறவே விடுவதும் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருந்தின் வேகம் நெடுநேரம் நீடிக்குமாதலால், அவர்கள் கட்டாயம் கேட்க வேண்டும். பாலும் பழமும் கொண்டு இருக்கும் விரதத்தை நம் பெரியோரும் ஏற்றுக்கொண்டுள்ளனர்.

வரிசையில் நிற்கையில் திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சுக் குழறல் கண்டால், சனி பகவானின் சோதனை என்று பொறுத்திருக்க வேண்டா. இரத்த அழுத்தத்துக்காக அட்டினோலால், மெட்டோபுரோலால் உட்கொள்வோருக்குப் படபடப்பும் நடுக்கமும் மறைந்து, வியர்வை மட்டுமே தெரியலாம். அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழ் இருந்தாலோ, பார்க்கக் கருவி இல்லாவிட்டாலோ, உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து அருந்தி, 15 நிமிடம் அமர்ந்திருங்கள். தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு அருந்துங்கள். தெளிந்தபின் எதையேனும் உண்டே ஆக வேண்டும். சர்க்கரை மீண்டும் தாழக்கூடும். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல், மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். உடன் செல்வோர், எள் தீபமும் அர்ச்சனைத் தட்டும் எடுத்துவைக்கும் பையிலேயே ஒரு சிறு பொட்டலம் சர்க்கரையையும் வைத்துக்கொள்ளலாம்.