மூன்றில் இரண்டு பங்கு யாருக்கு?

சென்னையில் மயிலாப்பூர், அடையாறு பக்கம் இப்போது தெருவுக்குத் தெரு பச்சைத் துணி கட்டிய கட்டடங்கள். 1980-களில் எழுந்த மூன்று மாடிக் குடியிருப்புகளை இடித்துக்கொண்டிருக்கிறார்கள். 2019-இல் வந்த கட்டட விதிகள் சாதாரண உயரக் கட்டடங்களுக்கான தளப்பரப்புக் குறியீட்டை, அதாவது மனையின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவை, 1.5-லிருந்து 2 ஆக உயர்த்தின. அதே மனையில் கூடுதலாகக் கிடைக்கும் வீடுகளை பில்டர் விற்றுக்கொள்வார். பழைய உரிமையாளருக்குப் புது வீடும், அது முடியும்வரை வாடகைப் பணமும் கிடைக்கும். 2022-ஆம் ஆண்டின் அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி இடித்துக் கட்ட மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். ஒருவர் முரண்டு பிடித்து எல்லோரையும் விரிசல் விட்ட கூரைக்கடியில் உட்கார வைத்த காலம் போயிற்று. நல்ல சட்டம்தான்.

ஆனால் அந்த வீடுகளில் பாத்திரம் தேய்க்க ஆற்றங்கரையிலிருந்து நடந்து வரும் பெண்ணின் வீட்டை இடிக்க யார் சம்மதம் தேவை? பட்டா இல்லை, புறம்போக்கு என்ற ஒரு சொல்லோடு பேச்சு முடிந்துவிடுகிறது.

2000-க்குப் பிறகு அப்படிக் கிளப்பப்பட்டவர்களால் நிறைந்தவைதான் நகர ஓரத்துக் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம். கண்ணகி நகரில் மட்டும் 15,000-க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 வெள்ளத்துக்குப் பின் கூவம், அடையாற்றுக் கரைகளிலிருந்து பலரைப் பெரும்பாக்கத்தின் எட்டு மாடிகளுக்கு ஏற்றினார்கள். பள்ளிக்கரணை சதுப்பை ஒட்டிய அந்தப் பகுதியிலும் பெருமழை என்றால் தண்ணீர் நிற்கும். பெண்களுக்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் இப்போது கட்டணம் இல்லை. அது பெரிய உதவி. ஆனாலும் காலை ஏழு மணிக்கு மயிலாப்பூர் வாசலில் நிற்க வேண்டியவர் எத்தனை மணிக்கு எழ வேண்டும்? பலர் வேலையை விட்டுவிட்டார்கள். படிப்பாண்டின் நடுவே பெயர்க்கப்பட்ட பிள்ளைகளில் பள்ளியை விட்டவர்களும் உண்டு.

வேறு வழியே இல்லை என்று சொல்ல முடியாது. 1970-இல் தொடங்கிய குடிசை மாற்று வாரியம் முதல் ஆண்டுகளில், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டிக் கொடுத்தது. பழுதான அந்த போர்டு வீடுகளை இன்று அதே இடத்தில் மறுபடி கட்டுகிறார்கள். ஆற்றுப் படுகையில் இருப்பவர்கள் மாறித்தான் ஆக வேண்டும். ஆனால் இருபது கிலோமீட்டர் தள்ளி அல்ல. நகர நடுவில் பழைய அரசுக் குடியிருப்புகள் இடிபடும்போது, கூடும் தளப்பரப்பில் ஒரு பகுதியை இவர்களுக்கென்று ஒதுக்கலாம்.

அதற்கும் முன்னால், அவர்கள் குடியிருப்பிலும் ஒரு கூட்டம் போட்டு, மூன்றில் இரண்டு பங்குப் பேரின் கையெழுத்து கிடைத்த பிறகுதான் புல்டோசரைக் கொண்டுவர வேண்டும்.