புல்தரைக்குக் கீழே என்ன இருக்கிறது?

கடந்த மே மாதத்தில் ஒரு நண்பகல். குருகிராமில் நான் வாடகைக்கு இருக்கும் அடுக்ககக் குடியிருப்பின் தோட்டத்தில் மூன்று மாலிகள் உணவருந்த இடம் தேடிக்கொண்டிருந்தனர். கண்ணுக்கெட்டிய தூரம் பசுமை. உட்கார நிழல் இல்லை. இறுதியில் வாகன நிறுத்தத்துக்கு இறங்கும் சரிவுப்பாதையின் ஓரத்தில் அமர்ந்தனர்.

மரம் நட எவரும் மறந்துவிடவில்லை. அந்தப் புல்தரைக்குக் கீழே இரண்டு அடுக்கு வாகன நிறுத்துமிடம் உள்ளது. கான்கிரீட் தளத்தின்மேல் சில அடி மண்ணைப் பரப்பி உருவாக்கிய தோட்டம் அது. அதில் ஆலும் அரசும் வேரூன்ற இயலாது. ஊன்றினால் நீர்க்காப்புப் பூச்சைத் துளைத்துவிடுமென்ற அச்சம் வேறு. ஆகவே புல்லும், அழகுப் பனைகளும், கத்தரித்த வேலியுமே எஞ்சுகின்றன. எந்த மரம் என்னும் கேள்வி, தூண்களின் இடைவெளியை வரையும்போதே முடிந்துவிடுகிறது. தோட்ட வடிவமைப்பாளர் அழைக்கப்படுவது அதற்குப் பின்னரே.

சண்டிகரை இங்கு நினைக்காதிருக்க முடியவில்லை (நகரங்களை ஒப்பிடுவது ஆய்வாளர்களின் தீராநோய்). 1950களில் அந்நகரம் எழுந்தபோது, ஐ.சி.எஸ். அதிகாரியும் தாவரவியலாளருமான எம்.எஸ். ரந்தாவா, சாலைகளுக்கேற்ற மரங்களைத் தெரிவு செய்யும் பணியை முன்னின்று நடத்தினார். கட்டடங்களோடு சேர்ந்தே மரங்களும் திட்டமிடப்பட்டன. அங்கே தோட்டக்கலை அரசின் பொறுப்பு; இங்கோ குறைந்த விலை கேட்கும் ஒப்பந்ததாரரின் பொறுப்பு. கட்டுநர் ஒப்படைத்துச் சென்றபின் செலவைக் குறைக்க விரும்பும் நலச் சங்கம் முதலில் கைவைப்பது மாலிகளின் எண்ணிக்கையில்தான்.

நிலத்தடி நீர் அளவுக்கு மீறி உறிஞ்சப்பட்ட மாவட்டம் இது. இருந்தும் கோடையில் புல்லுக்கு நாள்தோறும் நீர் பாய்கிறது. எங்கள் வளாகத்திலேயே கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் உண்டு. அந்நீர் நாறுகிறது என்று சிலர் முறையிட்டதால் மீண்டும் ஆழ்துளைக் கிணற்றுக்கே திரும்பிவிட்டார்கள். நிலையத்தைப் பழுதுபார்க்கலாமே என எவரும் கேட்கவில்லை.

இந்த மண்ணில் வேறெதுவும் வளராது என்பது அடிக்கடி கேட்கும் வாதம். இதே நகரத்தின் ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா அதை மறுக்கிறது. கல்லுடைத்துக் கைவிடப்பட்ட அந்நிலத்தில், 2010 முதல் குடிமக்களும் வனவியல் ஆர்வலர்களும் தவ், புரசு முதலிய ஆரவல்லி மரங்களை வளர்த்தெடுத்தனர். ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: இவற்றுள் பல கோடைக்கு முன் இலையுதிர்ப்பவை. ஆண்டு முழுதும் பச்சையையே பார்க்க விரும்பும் கண்ணுக்கு அது பராமரிப்பின்மையாகத் தோன்றும். அக்கண்ணைத்தான் விளம்பரப் படங்கள் நமக்குப் பழக்கிவிட்டன.

அடுத்த மாதப் பொதுக்கூட்டத்தில் செயற்கைப் புல் விரிக்கும் தீர்மானம் வருகிறது. வெயிலில் சுடும் அந்த நெகிழியை நான் எதிர்க்கப்போகிறேன். மாறாக, அடியில் வாகன நிறுத்தம் இல்லாத கிழக்கு மதிலோரத்தில் ஓடுகளைப் பெயர்த்து ஆறு வேம்புகள் நடவும், முதல் மூன்றாண்டுகளுக்கு ஒரு மாலியை அவற்றுக்கென நிறுத்தவும் கோரியிருக்கிறேன். முன்மொழிவைப் படித்த செயலாளர் இதுவரை ஒரே ஒரு கேள்வி அனுப்பியிருக்கிறார்: உதிரும் இலைகளை யார் பெருக்குவது?