சைலன்சரைக் குடைந்தால் பவர் வந்துவிடுமா?

செயின்சா மந்தமாக அறுக்கிறது என்றால் உடனே வரும் யோசனை, ‘சைலன்சரைக் குடைஞ்சு விடு, இஞ்சின் மூச்சு விடும்’ என்பதுதான். குடைந்ததும் சத்தம் கூடும். பவரும் கூடியதாகக் காது நம்பிவிடும்.

செயின்சாவில் ஓடும் டூ ஸ்ட்ரோக் இஞ்சின் வகையில் புகைக்குழாய் வெறும் தடை அல்ல. புகை போகும் வாயும் புதுக் கலவை வரும் வாயும் சற்று நேரம் சேர்ந்தே திறந்திருக்கும். எரியாத பெட்ரோல் அப்போது தப்பி ஓடும். கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் மோட்டார் சைக்கிள் நிறுவனத்தில் வால்டர் காடன், குழாயை விரித்து மறுபடி குறுக்கினார். அங்கிருந்து திரும்பும் அழுத்த அலை, ஓடிய கலவையைச் சிலிண்டருக்குள் தள்ளியது. 1961இல் அவருடைய 125 சிசி பந்தய இஞ்சின் சுமார் 25 குதிரைத்திறன் தந்தது. குழாயைக் குடைந்து வந்த பவரா அது?

செயின்சாவில் இருப்பது சாதாரணத் தகரப்பெட்டிதான். அதைத் திறந்தால் கொஞ்சம் பலன் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காற்றோட்டம் கூடியும் கார்புரேட்டரின் ஹை ஸ்க்ரூவைத் திருத்தாமல் விட்டால் கலவையில் பெட்ரோல் குறையும். இஞ்சின் கீச்சென்று இன்னும் வேகமாகச் சுற்றும். பலர் பவர் என்று மயங்குவது இதைத்தான். பிறகு பிஸ்டன் சூடேறி, புகைவாய்ப் பக்கம் கீறல் விழுந்து, ஜாம் ஆகும். உண்மையில் பல மெஷின்களில் அடைத்துக்கொண்டிருப்பது பொறி தடுக்கும் வலையில் படிந்த கரி. கழற்றித் துடைத்தாலே போதும். வலையைத் தூக்கி எறிந்துவிட்டுக் காய்ந்த சருகு நடுவே நின்று அறுப்பது வம்பு.

ஆயிலைக் குறைத்தால் வேகம் வரும் என்பது சுத்தப் பேத்தல். கிராங்க் பேரிங்குக்கும் சிலிண்டர் சுவருக்கும் பெட்ரோலோடு வரும் அந்த ஆயில்தான் கதி. 50:1 என்று கம்பெனி சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி. அதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சிலிண்டர் அடி பேக்கிங்கை எடுத்தால் கம்ப்ரஷன் ஏறும், சரி. சிலிண்டர் இறங்குவதால் புகைவாய் தாமதமாகத் திறக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை. இழுவை கூடலாம், உச்ச வேகம் குறையலாம். பிஸ்டன் தலைக்கும் சிலிண்டர் மண்டைக்கும் உள்ள இடைவெளியை அளக்காமல் செய்தால் இரண்டும் இடித்துக்கொள்ளும்.

இதற்கெல்லாம் முன்னால், கீழே விழும் தூளைப் பாருங்கள். சீவலாக விழாமல் மாவாக விழுந்தால் குறை இஞ்சினில் இல்லை, செயினில். உருட்டு அரத்தால் ஒவ்வொரு பல்லையும் ஒரே கோணத்தில் ராவ வேண்டும். பல்லுக்கு முன்னாலுள்ள சின்ன மேடு, பல ரகங்களில், பல் முனையைவிட 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும்.