கடல் கடக்கப் போகும் சகோதரிக்கு

2023ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘எம்பிரஸ்’ என்ற உல்லாசக் கப்பல் சென்னையிலிருந்து புறப்பட்டுக் காங்கேசன்துறைக்கும் வந்து சென்றது. அந்நாட்களில் எமது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் அதுவே பேச்சாக இருந்தது. பல மாடிகள், உள்ளே நீச்சல் தடாகம், நாளெல்லாம் சாப்பாடு என்று ஆளுக்கொரு கதை சொன்னார்கள். “இவ்வளவு சனத்துக்கும் எங்கை வைச்சுச் சமைக்கிறாங்கள் பிள்ளை?” என்று ஒரு வயதான அம்மா கேட்டதும் எல்லோரும் சிரித்தோம். அந்தக் கப்பலில் ஏறுகின்ற வசதி எம்மில் எவருக்கும் இல்லை.

ஆனால் அதே ஆண்டு ஒக்டோபர் 14ஆம் திகதி நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே ‘செரியபாணி’ என்ற பயணிகள் கப்பல் ஓடத் தொடங்கியபோது பேச்சு வேறு விதமாக மாறியது. அக்கரையில் அக்கா இருக்கின்றாள், தம்பி இருக்கின்றான், பெறாமக்கள் இருக்கின்றார்கள் என்று ஒவ்வொருவராகச் சொல்லத் தொடங்கினார்கள். தமிழ்நாட்டில் நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் எமது மக்கள் இன்னமும் வாழ்ந்து வருகின்றார்கள். முப்பது வருடங்களாக முகம் பாராத சகோதரிகள் எத்தனையோ பேர். அந்தக் கப்பல் சில நாட்களிலேயே காலநிலை காரணமாக நிறுத்தப்பட்டது. பின்னர் 2024 ஓகஸ்ட் 16 முதல் ‘சிவகங்கை’ என்ற கப்பல் ஓடியது. மாரிகாலத்தில் அதுவும் நின்று, 2025 பெப்ரவரியில் மீண்டும் தொடங்கியது. அதற்குப் பிறகுதான் எமது சங்கத்துப் பெண்கள் சிலர் உண்மையாகவே புறப்பட ஆயத்தமானார்கள். நானும் ஒரு தடவை சென்று வந்தேன். முதன்முதலாகப் போக நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இந்த மாதம் என்னால் இயன்றவரை பதில் எழுதுகின்றேன்.

முதலில் கடதாசிகள். கடல் ஏறத்தாழ நான்கு மணித்தியாலத்தில் முடிந்துவிடும். கடவுச்சீட்டு எடுப்பதற்கு மாதங்கள் செல்லலாம். யாழ்ப்பாணத்து மக்கள் வவுனியாவுக்கோ கொழும்புக்கோ அலைந்த நிலை 2025 செப்டெம்பரில் யாழ்ப்பாண மாவட்டச் செயலகத்தில் பிராந்திய அலுவலகம் திறக்கப்பட்டதும் ஓரளவு மாறியது. பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, விவாகச் சான்றிதழ் ஆகிய மூன்றையும் மேசையில் வைத்து, பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். இடம்பெயர்ந்தபோது தொலைந்து, பின்பு அவசரத்தில் எடுத்த பிரதிகளில் பெயர் மாறியும் பிறந்த திகதி மாறியும் கிடப்பதை நான் அடிக்கடி காண்கின்றேன். திருத்த வேண்டியிருந்தால் பிரதேச செயலகத்தில் பதிவாளர் பகுதியை முதலில் நாடுங்கள். கடவுச்சீட்டில் எப்படிப் பெயர் இருக்கின்றதோ அப்படியே பயணச்சீட்டிலும் இருக்க வேண்டும்.

பிள்ளைகளைக் கூட்டிச் செல்பவர்கள் ஒரு விடயத்தை முன்னரே தெரிந்திருக்க வேண்டும். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது தாய், தந்தை இருவரினதும் சம்மதத்தைக் கேட்பார்கள். கணவர் இறந்திருந்தால் மரணச் சான்றிதழ் காட்டலாம். காணாமல் ஆக்கப்பட்டவரின் மனைவி என்ன செய்வாள்? மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாத பெண்களை நான் அறிவேன். அவர்களை எடுக்கும்படி நான் ஒருபோதும் வற்புறுத்தியதில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமல் ‘காணக்கிடைக்கவில்லை’ என்று சான்றிதழ் பெறுவதற்கு வழி இருக்கின்றது. அதை எடுத்து வைத்திருந்தால் கருமபீடத்தில் வரிசையில் நிற்கும் அத்தனை பேருக்கும் கேட்கும்படி உங்கள் கதையைச் சொல்ல வேண்டியதில்லை. இல்லாதவர்கள், அலுவலகத்தில் ஒதுக்கமாக உட்கார்ந்து பேச இடம் தரும்படி கேளுங்கள். அப்படிக் கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. முடிந்தால் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரைக் கூட்டிச் செல்லுங்கள்.

இந்திய வீசாவுக்கு யாழ்ப்பாணத்தில் உள்ள துணைத் தூதரகத்தில் விசாரிக்கலாம். இணையத்தில் எடுக்கும் வீசா எல்லாத் துறைமுகத்திலும் செல்லுபடியாகாது. அதற்கென்று ஒரு பட்டியல் இருக்கின்றது. நாகபட்டினம் அதில் இருக்கின்றதா என்று பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள். முன்னர் முகாமில் இருந்து திரும்பி வந்தவர்கள், அப்போது கொடுத்த வெளியேறும் அனுமதிக் கடதாசியின் பிரதியையும் எடுத்துச் செல்லுங்கள். “முன்பு இந்தியாவில் இருந்தீர்களா?” என்று படிவத்தில் கேட்டால் உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். மறைத்து எழுதிவிட்டுப் பின்னர் அகப்பட்டுக்கொள்வது பெரும் சிக்கல்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பயணச்சீட்டுக்காகத் தோட்டை அடகு வைக்கவோ, கிழமைக் கடன் கொடுக்கும் கம்பனியிடம் கையெழுத்து வைக்கவோ வேண்டாம். இதை நான் கண்டிப்பாகவே சொல்லுகின்றேன். அக்காவைக் கண்டு வந்த சந்தோசம் இரண்டு கிழமையில் அடங்கிவிடும், கடன்காரன் ஒவ்வொரு கிழமையும் படலையைத் தட்டுவான். சங்கத்தில் சீட்டுப் பிடித்து ஆறு மாதம் பொறுத்துப் போன மூவர் எம்மிடையே இருக்கின்றார்கள். முகாமில் இருந்தபோது சேர்த்த பழைய இந்திய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய்த் தாள்களைப் பெட்டிக்குள் பத்திரமாக வைத்திருப்பவர்களும் உண்டு. அவை 2016 நவம்பரிலேயே செல்லாமற் போய்விட்டன. அவற்றைக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டாம்.

இனி, எவரும் படிவத்தில் கேட்காத விடயத்துக்கு வருகின்றேன்.

எமது பெண்களில் பலருக்கு இது முதற் கப்பல் அல்ல. 1990இல் மன்னார்க் கரையிலிருந்து வள்ளத்தில் ஏறி, இராமேசுவரத்துக்கு அருகில் மணல் திட்டில் இறக்கிவிடப்பட்டவர்கள் இருக்கின்றார்கள். கிளாலிக் கடலை இரவில் வெளிச்சம் இல்லாமல் கடந்தவர்கள் இருக்கின்றார்கள். குமுதினிப் படகில் 1985 மே 15இல் நடந்ததைக் கேட்டு வளர்ந்த தீவகத்துப் பெண்கள் இருக்கின்றார்கள். 2009 பெப்ரவரி முதல் மே வரை செஞ்சிலுவைச் சங்கத்தின் ஏற்பாட்டில் காயப்பட்டவர்களும் கூடச் சென்றவர்களுமாக ஏறத்தாழ 14,000 பேர் வன்னிக் கரையிலிருந்து கப்பலில் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் எமது சங்கத்தில் இருக்கின்றார். பெயர் வேண்டாம்.

அந்த அம்மா சொன்னது இது: “பிள்ளை, நான் கடைசியாக் கப்பலில ஏறினது என்ர பொடியனைத் தூக்கிக்கொண்டு. இறங்கேக்க அவன் இல்லை. இப்ப தங்கச்சியைப் பாக்க ஆசை. ஆனா இயந்திரச் சத்தத்தை நினைச்சாலே வயித்தைப் பிரட்டுது.”

வீண் பயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. அவரது உடம்பு கடலையும் இயந்திரத்தின் சத்தத்தையும் மரணத்தோடு சேர்த்து ஞாபகம் வைத்திருக்கின்றது. அந்த உடம்பிடம் “இப்போது சமாதானம்தானே” என்று சொன்னால் அதற்கு விளங்காது, அது தானே பழகிப் பார்க்க வேண்டும். நாங்கள் அவரோடு மூன்று மாதங்கள் மெல்ல மெல்ல ஆயத்தம் செய்தோம். முதலில் ஒரு பின்னேரம் கடற்கரையில் சும்மா இருந்து கடலை பாக்கெட் ஒன்றைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம். அடுத்த மாதமும் அதே இடம், கொஞ்சம் நேரம் கூட. பிறகு குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்குப் படகேறினோம். கொஞ்ச நேரத்துப் பயணம்தான், அம்மனைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பலாம். போகும்போது என் கையை நெரித்துப் பிடித்திருந்தார். வரும்போது பக்கத்தில் இருந்த பெண்ணோடு மீன் விலை கதைத்துக்கொண்டு வந்தார். உங்களுக்கும் இப்படியான பயம் இருந்தால் பெரிய கப்பலுக்குச் சீட்டு வாங்கும் முன்னர் இந்தச் சின்னப் படகில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் உளநலப் பிரிவில் கதைப்பதும் நல்லது. போய்ப் பார்த்தும் மனம் வரவில்லையென்றால் போகாமல் இருப்பதிலும் வெட்கம் இல்லை. பலாலியிலிருந்து சென்னைக்கு 2019 முதல் விமானச் சேவை வந்திருக்கின்றது, இடையில் நின்றும் தொடங்கியும் வருகின்றது. அதற்குப் பணம் சேர்க்கலாம்.

கப்பலுக்குள் கேட்கக்கூடிய சத்தங்களைப் பற்றியும் முன்னரே அறிந்திருப்பது நல்லது. புறப்படும்போது நீளமாக ஒரு தடவை ஊதலாம். அது வழமையானது. ஆபத்து வேளைக்கான ஒலி வேறு: ஏழு தரம் குறுகலாகவும் அதன் பின் ஒரு தரம் நீளமாகவும் ஒலிக்கும். உயிர்காப்பு அங்கியை எப்படிக் கட்டுவது என்று பணியாளர் காட்டும்போது கட்டாயம் பாருங்கள். அது எல்லாக் கப்பலிலும் காட்டப்படும் ஒழுங்கு, ஏதோ நடக்கப் போகின்றது என்பதற்காக அல்ல. பிள்ளைகளுக்கு அளவான அங்கி எங்கே என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

கடற்சுகவீனம் என்பது இன்னொன்று. இதற்கும் பழைய நினைவுக்கும் சம்பந்தமில்லை, எவருக்கும் வரலாம். கப்பல் அசைவதைக் காதின் உட்பகுதி உணர்கின்றது, கண்ணோ அசையாத கதிரையையும் சுவரையும் பார்க்கின்றது. இரண்டும் ஒத்துப்போகாதபோது தலை சுற்றிச் சத்தி வருகின்றது. ஆகவே நடுப்பகுதியில் இருக்கை கேளுங்கள், அங்கே ஆட்டம் குறைவு. கண்ணாடிக்கு வெளியே தூரத்தில் கடலும் வானமும் சேரும் கோட்டைப் பாருங்கள். தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். வெறும் வயிறும் கூடாது, எண்ணெய்ச் சாப்பாடும் கூடாது. பாண் துண்டோ பிஸ்கட்டோ போதும். இஞ்சித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளலாம். சத்தி வந்த பிறகு குளிசை போட்டுப் பெரிய பலன் இல்லை, கப்பல் புறப்பட முன்னரே போட வேண்டும். அதுவும் டொக்டரிடமோ பாமசியிலோ கேட்டு. சில குளிசைகள் நித்திரையைக் கொண்டுவரும். கர்ப்பிணிகளும், பிரஷர் குளிசை எடுப்பவர்களும், மனநலத்துக்கு மருந்து எடுப்பவர்களும் கேட்காமல் போடக் கூடாது. ஒருவர் சத்தி எடுக்கத் தொடங்கினால் பக்கத்தில் உள்ளவருக்கும் வரும். இரண்டு சொப்பிங் பையும் ஒரு சிறு துவாயும் மடியில் இருக்கட்டும். சித்தாலேப கொண்டுபோன அம்மாவைச் சுற்றித்தான் நான் சென்ற அன்று அரைவாசிப் பேர் நின்றார்கள்.

உள்ளே குளிரூட்டி போட்டிருப்பார்கள். ஒரு சால்வை வேண்டும். சேலையை விடச் சல்வார் நல்லது, படியேறவும் மலசலகூடம் போகவும் இலகு. மாதவிடாய்த் துணிகளைப் பெரிய பெட்டிக்குள் வைக்காமல் கைப்பையில் வையுங்கள், பெட்டி உங்கள் கையில் இருக்காது. செயற்கைக்கால் பூட்டியிருப்பவர்களும், உடம்பில் எறிகணைச் சிதறல் இன்னும் இருப்பவர்களும் வைத்தியரிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்திருங்கள். பரிசோதனைக் கருவி சத்தமிட்டால் கடிதத்தைக் காட்டி, பெண் உத்தியோகத்தர்தான் சோதிக்க வேண்டும் என்று கேளுங்கள். சோதனைச் சாவடிகளில் நின்ற நாட்கள் நினைவுக்கு வரும். இது வேறு, எல்லா நாட்டுப் பயணிகளுக்கும் நடப்பது. ஆனால் மரியாதைக் குறைவாக எவரும் நடந்தால் பொறுத்துப் போகத் தேவையில்லை.

பொதியின் நிறை எவ்வளவு என்பதைச் சீட்டு வாங்கும்போதே எழுதி வாங்குங்கள், இடைக்கிடை மாறுகின்றது. கன்றுகள், விதைகள் கொண்டுபோக வேண்டாம், சுங்கத்தில் எடுத்துவிடுவார்கள். நகை காதிலும் கழுத்திலும் உள்ளதோடு போதும்.

அக்கரையைப் பற்றி. மணிக்கூட்டை மாற்றத் தேவையில்லை, இரு நாட்டுக்கும் ஒரே நேரம். நான் சென்ற நாளில் பிற்பகல் புறப்பட்டு மாலையில் சேர்ந்தது. சோதனைகள் முடிந்து வெளியே வர இருட்டிவிடும். தனியே போகின்றவர்கள் அன்றிரவு தங்குமிடத்தைப் போகும் முன்னரே பேசி வைத்திருக்க வேண்டும். நாகூர் வடக்கே அருகில், வேளாங்கண்ணி தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீற்றர். இரண்டிலும் யாத்திரிகர் விடுதிகள் உண்டு. முகாமில் உள்ள உறவினர் வீட்டில் நினைத்தபடி சென்று தங்க முடியாது. முகாம் அதிகாரியிடம் முன்கூட்டியே விசாரிக்கும்படி அவர்களிடம் சொல்லுங்கள். அனுமதி சிக்கல் என்றால் அவர்களையே வேளாங்கண்ணிக்கு வரச் சொல்லலாம். அந்த அம்மாவும் தங்கையும் அங்கேதான் சந்தித்தார்கள். முதல் நாள் இருவரும் அதிகம் பேசவில்லையாம். தங்கை தலைக்கு எண்ணெய் வைத்து விட்டாளாம்.

திரும்பி வரும் திகதியைப் பற்றிக் கடைசியாக ஒன்று. ஒக்டோபர் பிற்பகுதியிலிருந்து வடகீழ்ப் பருவக்காற்றோடு கடல் கொந்தளிக்கத் தொடங்கும், கப்பலும் நிறுத்தப்படும். ஆகவே பெப்ரவரிக்குப் பின் போய், புரட்டாதிக்குள் திரும்பி வரும்படி நாளைப் பாருங்கள். வீசா முடியும் நாளுக்கும் திரும்பும் நாளுக்கும் இடையில் குறைந்தது ஒரு கிழமை இருக்கட்டும். கப்பல் ஓடவில்லை என்று துறைமுகத்திலிருந்து திருப்பி அனுப்பினால், சீட்டின் பணத்தைத் திருப்பித் தருவார்களா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதையும் வாங்கும் அன்றே கேட்டு, சீட்டின் பின்புறத்தில் குறித்து வையுங்கள்.